ஞானமுத்து கட்டாத ஓலை

கூலாய், மலாயா, 1927 ஜனவரி 8, சனி

வெள்ளத்தில் கூரை போன வீடுகளுக்கு ஓலை வேய எங்கள் கிறிஸ்தவ சபையிலிருந்து போனோம். முனியம்மா வீட்டில் பாதிக் கூரை வேய்வது என் பங்கு, மறுபாதி ஞானமுத்துவின் பங்கு. அவனுக்கு வேலையைவிடப் பாட்டுதான் அதிகம். ஆனால் முனியம்மா, "தம்பி மட்டும் வரலேன்னா எங்க கதி என்னாவறது!" என்று அவனுக்கே முதலில் தேநீர் நீட்டினாள். எனக்கு வந்தது ஆறிப்போயிருந்தது.

அவன் ஓர் அத்தாப்புப் பனை ஓலையைப் பிரம்பு நாரால் கட்ட மறந்திருந்தான். பார்த்தும் நான் சொல்லவில்லை. ஒரு மழை வந்தால் அவன் லட்சணம் தெரியட்டும் என்று இறங்கிவிட்டேன்.

இப்போது மழை கொட்டுகிறது. அந்த ஓலைக்கு நேர்கீழேதான் அவள் குழந்தையின் தூளி. ஆண்டவரே, மழையை நிறுத்தும். விடிந்ததும் பிரம்போடு ஓடுகிறேன். ஞானமுத்து மட்டும் எனக்கு முன்னால் போய்விடக் கூடாது.