சூரிய வாசலுக்கு இப்பால்

சென்ற சனிக்கிழமை இல்ஃபோர்டில் ஒரு கலியாணம். தாலி கட்டி முடிந்து சனம் சாப்பாட்டுக்கு எழும்பும் நேரம், என் பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா ஒருவர் கைப்பையிலிருந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுத்தார். கைலேஞ்சியில் இரண்டு சொட்டு விட்டு மூக்கருகே பிடித்தார். யூக்கலிப்டஸ் எண்ணெய். நான் எழுந்து வெளியே போய்க் கார்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றேன். யாராவது பார்த்தால் ஏன் நிற்கிறேன் என்று கேட்பார்களே என்று கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டேன். நீ இருந்திருந்தால் மறுமுனையில் ஆளில்லை என்று உடனே கண்டுபிடித்திருப்பாய்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. போனவர்கள் எங்கோ இருந்து பார்க்கிறார்கள் என்பதை நான் நம்புவதில்லை. நீ நம்பினாய், ஆனால் என்னை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. எனவே இந்த மடல் உன்னிடம் வந்து சேராது என்று தெரிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

பேராதனையில் ஒரே வகுப்பில் புவியியல் படித்தோம். அதன்பிறகு நான் உதவிப் பணம் கிடைத்து, ஒரு பெட்டியோடும் அனுமதிக் கடிதத்தோடும் விமானம் ஏறி லண்டனுக்கு வந்தேன். நீ ஊரில் படிப்பித்துக்கொண்டிருந்தாய். பல வருடங்களுக்குப் பிறகு, எங்கள் ஆட்கள் சொல்வதுபோல ‘ஏஜென்சி மூலம்’ புறப்பட்டாய். களவாக எல்லை கடத்திவிடுகிறவனுக்கு எங்களிடையே எவ்வளவு மரியாதையான பெயர்! மொஸ்கோவில் ஓர் அறை, பிறகு லொறி, பிறகு காடு, கடைசியில் ஒல்லாந்து. அந்த நாட்டுக் கடவுச்சீட்டுக் கிடைத்ததும், பிள்ளையை ஆங்கிலத்தில் படிக்கவைக்க வேண்டும் என்று குடும்பத்தோடு இங்கே வந்து செவன் கிங்ஸில் கடை போட்டீர்கள். ஒருநாள் முருங்கைக்காய் வாங்க வந்த என்னைத் தராசுக்குப் பின்னால் நின்று உற்றுப் பார்த்தாய்.

“எடி, நீ இன்னும் உந்தக் கண்ணாடியை மாத்தேல்லையோ?”

இருபது வருடங்களுக்குப் பிறகு நீ என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

அதன்பின் கலியாணம், சாமத்தியவீடு என்று என்னை இழுத்துக்கொண்டு திரிந்தாய். அங்கே உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு மேசையில் இருந்து நிதானமாகச் சாப்பிடமாட்டாய். மண்டபம் முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு மேசையிலும் நின்று, ‘அக்கா எவடம், எப்ப வந்தனீங்கள்’ என்று விசாரித்துவிட்டுத்தான் வருவாய்.

“ஊர்ப்புதினம் கேக்காட்டி உனக்குச் சோறு செமிக்காது” என்பேன்.

“ஓமடி, செமிக்காது” என்பாய்.

இல்ஃபோர்ட் பயண முகவர் கடையின் யன்னலில் அந்தப் படத்தை நீதான் கண்டாய். முகிலுக்குள் ஒரு பச்சை மலை, அதன் தோளில் கூரையில்லாத கல்வீடுகள். இன்கா மக்கள் கட்டிவிட்டுப் போன ஊர், பெரு நாட்டில். வழிகாட்டியோடு நான்கு நாள் மலைப்பாதையில் நடந்து, நான்காம் நாள் விடியற்காலையில் சூரிய வாசல் என்ற கல்வாசலால் உள்ளே இறங்குவது. நான் கீழே சிறிய எழுத்தில் இருந்ததை வாசித்தேன். அதே ஊருக்கு ரயிலும் இருந்தது.

“ரயிலில போவம். போய்ச் சேருறது ஒரே இடம்தானே?”

நீ படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் நடந்த இடம் முழுக்க இருட்டில, பின்பக்கத்தால. ஒருக்காலாவது ஒரு இடத்துக்குப் பகலில, முன்வாசலால, நடந்து போய்ச் சேர வேணும்” என்றாய்.

எனக்கு அது சினிமாத்தனமாகப் பட்டது. உன் கணவர் கடையில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “அப்ப காசு கட்டி ஒளிச்சு நடந்தா. இப்ப காசு கட்டி வெளிச்சத்தில நடக்கப் போறாவாம். விசர் முத்திப்போச்சு.” வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்தபடியே பணத்தையும் கட்டினாய். எனக்கு விடுமுறை மிச்சம் இருந்தது, வீட்டில் கேட்பதற்கு ஒருவருமில்லை. நானும் சேர்ந்துகொண்டேன்.

மலையில் நடக்கப் பழகுவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் எப்பிங் காட்டில் நடந்தோம். உன் கால்கள் பலமானவை. என்னை எப்போதும் முந்தினாய். ஆனால் நான்கு மணியாகி மரங்களுக்கிடையே வெளிச்சம் மங்கத் தொடங்கினால் கதையை நிறுத்திவிடுவாய். “வா, இருட்டமுதல் றோட்டுக்கு ஏறுவம்.” நான் காரணம் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

கூஸ்கோவில் இறங்கியதும் கொக்கா இலைத் தேத்தண்ணி தந்தார்கள். அது உயரத்தின் தலையிடியை உண்மையிலேயே குறைக்கிறதா, அல்லது குறைவதுபோல நினைக்கிறோமா என்று நான் ஆராய்ந்துகொண்டிருக்க, நீ குடித்து முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாய். பள்ளத்தாக்கு முழுவதும் யூக்கலிப்டஸ் மரங்கள். “நுவரெலியா மணக்குதடி” என்றாய். உன் பையிலும் ஒரு போத்தல் அந்த எண்ணெய் இருந்தது. நீ எங்கே போனாலும் அது இருக்கும்.

நடை தொடங்கும் இடத்தில், ஆற்றுப் பாலத்துக்கு முன், ஒரு காவல் மேசை. கடவுச்சீட்டைக் காட்டவேண்டும். உன் கை வயிற்றில் கட்டியிருந்த பைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. வழிகாட்டி இரண்டு முறை கேட்டபிறகுதான் எடுத்துக் கொடுத்தாய். மேசையில் இருந்தவன் பார்த்து, முத்திரை குத்தி, நல்லபடி போய்வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தான். பாலத்தின் நடுவில் நின்று அந்த முத்திரையை என்னிடம் காட்டினாய்.

“குத்திப்போட்டுச் சிரிக்கிறான் பார். எல்லையில நிக்கிறவன் சிரிச்சு நான் இப்பதான் பாக்கிறன்.”

எங்கள் கூட்டத்துக்கு இரண்டு வழிகாட்டிகள். மூத்தவர் முன்னால் போவார், நிறையக் கதைப்பார், எல்லாக் கல்லுக்கும் ஒரு கதை வைத்திருப்பார். அதில் பாதியை நான் நம்பவில்லை. மற்றவன் ஹூலியோ. பல்வலிக்காரன், சோம்பலான ஆள், வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி எல்லோருக்கும் கடைசியாக வருவான். நாங்கள் நின்றால் அவனும் நிற்பான். ஒருவர் புகைப்படம் எடுக்கத் தாமதித்தால் அவருக்கும் பின்னால் போய் நின்றுகொள்வான். முதல்நாள் பின்னேரம்வரை நீ அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாய்.

“உவன் ஏன் பின்னால வாறான்?”

“ஒருத்தரும் பின்தங்கிப் போகக்கூடாதெண்டுதான். எல்லா இடமும் அப்பிடித்தான்.”

“எல்லா இடமும் இல்லை” என்றாய். சிறிது தூரம் நடந்தபின், “எங்கட ஆள் முன்னாலதான் போவான். திரும்பியே பாக்கமாட்டான்” என்றாய்.

இரண்டாம் நாள்தான் மிகக் கடினமான ஏற்றம். பாதை கணவாய் ஒன்றைத் தாண்டவேண்டும். மல்லாந்து கிடக்கும் பெண்ணைப்போல மலை தெரிவதால் அதற்கு இறந்த பெண்ணின் கணவாய் என்று பெயராம். காலையிலேயே எனக்குத் தலையிடி. சொல்லவில்லை. மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கிய இடத்தில் வாந்தி எடுத்தேன். பிறகு கால்கள் என் சொல் கேட்கவில்லை. ஒரு கல்லில் இருந்தவள், எந்தப் பக்கம் ஏறுகிறோம், எந்தப் பக்கத்தால் வந்தோம் என்பதை மறந்துபோனேன். நீ என் நெற்றியில் எண்ணெய் தேய்த்தது மட்டும் நினைவிருக்கிறது. மூத்த வழிகாட்டி இறங்கி வந்து என் கண்களைப் பார்த்தார். மருந்து ஒன்றுமில்லை, உடனே கீழே இறங்கவேண்டும், இன்னும் ஏறினால் ஆபத்து என்றார். ஹூலியோ என்னோடு இறங்குவான், அடுத்த ஊரில் குதிரை எடுக்கலாம், பிறகு ரயிலில் அனுப்பிவைப்போம், தோழி கூட்டத்தோடு போகலாம் என்றார்.

எல்லாம் ஒழுங்காக இருந்தது. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கும் பக்கம் திரும்பினாய்.

“நீ போ. விசர்க்கதை கதையாத. மூண்டு மாசம் இதுக்குத்தானே நடந்தனி?” என்றேன்.

“உன்னோட வாறன்.”

“ஹூலியோ வருவான்தானே! நீ வந்து என்ன செய்யப் போறாய்? ரெண்டு பேரும் ஏன் விடவேணும்?”

“ஆள் வரும் எண்டுதான் அவனும் சொன்னவன்.”

“எவன்?”

“ஏஜென்சிக்காரன்.”

அந்தப் புல்வெளியில், குளிர்காற்றில், நான் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க, நீ நின்றபடியே சொன்னாய். உன்னோடு மொஸ்கோ அறையில் இருந்து வந்த ஓர் அக்கா. உன்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். ஊர் யாழ்ப்பாணத்தில் கைதடிப் பக்கம். நாடியில், உதட்டுக்குக் கீழே, ஒரு தழும்பு. பெயர் சொல்லக்கூடாது என்பது ஏஜென்சியின் கட்டளை, அதனால் அக்கா என்றே கூப்பிட்டிருக்கிறாய். காட்டில் இரண்டாம் நாள் அவருடைய கணுக்கால் பிரண்டு வீங்கிவிட்டது. இவவை இதிலேயே விடுங்கள், பின்னால் வரும் கூட்டம் கூட்டிவரும் என்று சொல்லிவிட்டு அவன் நடக்கத் தொடங்கினான். எல்லோரும் அவன் பின்னால் போனார்கள்.

“என்ர ஸ்வெற்றரையும் எண்ணெய்ப் போத்திலையும் குடுத்தன். ‘நீ போ பிள்ளை, ஆள் வரும்’ எண்டு அவதான் சொன்னவ. நானும் போனனான். பின்னால ஒரு கூட்டமும் வரேல்லை எண்டு பேந்துதான் தெரியும்.” நீ அழவில்லை. “ஒருக்கா விட்டிட்டு நடந்தனான். காணும். எழும்பு.”

மண்டபங்களில் மேசை மேசையாக நீ யாரைத் தேடினாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இறங்கினோம். ஹூலியோ இப்போதும் கடைசியாகத்தான் வந்தான். நீ எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்தாய். மூன்றாவது முறை நான் திரும்பிப் பார்த்தபோது, “என்னத்தைப் பாக்கிறாய், நிக்கிறன்தானே” என்று அதட்டினாய். உயரம் குறையக் குறையத் தலை தெளிந்தது. அது வெறும் ஒட்சிசன், உடலியல். ஆனால் ஒவ்வொரு முறை திரும்பியபோதும் நீ நின்றாய் என்பதை நான் உடலியலில் சேர்க்க முடியாது.

நான்காம் நாள் நாங்கள் அந்த இன்கா ஊருக்குப் போனது ரயிலிலும், பிறகு வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸிலும். ரயிலில் போவோம் என்று முதலில் சொன்னவள் நான். அதை நினைக்கும் துணிவு எனக்கு இருந்தது, சொல்லும் துணிவு இருக்கவில்லை. நுழைவுச்சீட்டு வாசலில் வெள்ளைத் தொப்பி போட்ட சுற்றுலாக்காரர்களோடு வரிசையில் நின்றோம். உள்ளே படத்தில் கண்டதுபோலவே கல்வீடுகள், படிப்படியான வயல்கள். சாந்து பூசாமல் கல்லுக்குக் கல் இழைத்து வைத்த சுவர்கள். நீ ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தாய். தூரத்தில், மலையின் விளிம்பில், சூரிய வாசல் ஒரு சிறிய வெட்டுப்போலத் தெரிந்தது. அங்கிருந்து எங்கள் கூட்டம் ஒற்றை வரிசையில் இறங்கி வந்தது. நீ கைதட்டினாய். முழுக் கூட்டத்துக்கும், கடைசி ஆள் வந்து சேரும்வரை.

மூத்த வழிகாட்டி உன்னிடம் வந்தார். இங்கிருந்தே சூரிய வாசலுக்கு ஏறிப்போய்த் திரும்பி இறங்கலாம், நேரம் இருக்கிறது, நானே கூட்டிப்போகிறேன் என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. போ, போ என்றேன். நீ அந்த வெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாய்.

“வேண்டாம். ரெண்டு பேரும் வந்து சேர்ந்திட்டம். அது காணும்.”

அதைத் தியாகம் என்று எவரும் சொன்னால் நீ சிரித்திருப்பாய். உனக்கு அந்த வாசல் வேண்டும்போலத்தான் இருந்தது. அந்த முகத்தை நான் பார்த்தேன்.

உனக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னபோது எல்லாம் பிந்திவிட்டது. கடைசி வாரம் மருந்தின் மயக்கத்தில் நீ எங்கெங்கோ நடந்துகொண்டிருந்தாய். உன் கணவர் மகளை வீட்டில் விட்டுவர வெளியே போயிருந்த ஒரு பின்னேரம், கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

“எல்லாரும் வந்திட்டினமோ?”

நான் அறியாததை அறிந்ததுபோலச் சொல்கிறவள் அல்ல. உனக்கு அது நன்றாகத் தெரியும்.

“ஓம். எல்லாரும் வந்திட்டினம்” என்றேன்.

“அக்காவும்?”

“அக்காவும்.”

அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை, குளிர் தாங்கமுடியாமல் போனதும், மண்டபத்துக்குள் திரும்பிப் போனேன். அந்த அம்மா இன்னும் அதே கதிரையில், கைலேஞ்சியோடு இருந்தார். அறுபது வயது சொல்லலாம். நாடி சேலைத் தலைப்பில் மறைந்திருந்தது. அறியாதவர்களோடு கதை தொடங்குவது எனக்குப் பெரும்பாடு. பக்கத்தில் இருந்தேன்.

“அக்கா எவடம்?”

“கோப்பாய். ஏன் பிள்ளை?”

“எப்பிடி வந்தனீங்கள், லண்டனுக்கு?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். தலைப்பு விலகியது. நாடியில் ஒன்றுமில்லை.

“நான் பிளேனிலதான் வந்தனான் பிள்ளை. மகன் கூப்பிட்டவன். உமக்கு என்ன, கவுன்சில்ல ஆக்களை விசாரிக்கிற வேலையோ?”

“இல்லை அக்கா, சும்மா கேட்டனான்” என்றேன். என் முகத்தில் எதைக் கண்டாரோ, எண்ணெய்ப் போத்தலை என் பக்கம் நீட்டினார். கைலேஞ்சியில் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டேன்.

உன் கைதடி அக்காவைக் கண்டுபிடிப்பேன் என்று நான் நம்பவில்லை. காட்டையும் குளிரையும் நினைத்தால், நம்புவதற்கு இடமும் இல்லை. ஆனால் அன்று அக்காவும் வந்துவிட்டார் என்று உனக்குச் சொல்லிவிட்டேன். அது உண்மையா என்று பார்க்காமல் விட என்னால் ஏலாது.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து அடுத்த மேசைக்குப் போனேன்.