ஈசல் வறுவலின் முதல் பிடி

அண்ணி,

இன்று காலை நம் அடுப்படியில் அந்த வாசனை வந்துவிட்டது. எண்ணெய் விடாத மண்சட்டியில் ஈசல் சூடேறும்போது வேர்க்கடலை வறுபடுகிற மாதிரி ஒன்று கிளம்புமே, அதேதான். நேற்று சாயங்காலம் மழை விட்டதும் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. பிரியா ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து, "அம்மா, ஈசல் வந்துகினு கீது, புடிம்மா!" என்று கத்துகிறாள். உடம்பில் ரத்தம் போதவில்லை, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவளுக்கு முட்டையைக் கண்டாலே குமட்டல். ஈசல் மட்டும் வேண்டுமாம்! அந்த ருசியைக் காட்டியது யார்? நீங்கள்தான். காட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். சட்டிக்கு முன்னால் நிற்பது நான்.

நீங்கள் அந்த ருசியைக் காட்டியபோது அவளுக்கு ஆறு வயது. அவள் அப்பா போனபிறகு நானும் அவளும் உங்கள் வீட்டோடுதானே இருந்தோம். டைபாய்டு வந்து தேறியும் அவள் எழுந்திருக்கவில்லை. விலா எலும்பு எண்ணலாம் போல் கிடந்தாள். கஞ்சி ஊட்டினால் துப்புவாள். பெற்றவள் நான் பயத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். நீங்கள் ஒருநாள் வானத்தைப் பார்த்துவிட்டு, "மழை வரட்டும், ஈசல் வறுத்துக் குடுக்கலாம். சத்து" என்றீர்கள்.

"புத்துல இருந்து வர்ற பூச்சியையா? தேவிகாபுரத்துக்காரங்க எதையும் உடமாட்டீங்களா?"

"தின்னு பாத்துட்டுப் பேசு நாத்தனாரே. ஐயோ, நீ தின்னாத! உனக்கு இறாலே ஆவாது, இதுவும் ஆவாது. ஒதடு வீங்கிப் பூடும்."

உங்களுக்குச் சமையலில் ஒரு பிடிவாதம் உண்டு. எனக்கு வாயில் ஒரு பிடிவாதம். ஈசலை எண்ணெயில் மொறுமொறு என்று பொரித்தால்தான் பிள்ளை தின்னும் என்பேன். "அதுலயே கொழுப்பு கீது. எண்ணெயில போட்டா எண்ணெயத்தான் தின்னுவா" என்பீர்கள். வேகவைக்கலாமே என்றால், "வேகவெச்ச தண்ணிய நீ கீழ கொட்டுவ. பாதி சத்து சாக்கடைக்குப் பூடும்" என்பீர்கள். இறக்கையை முறத்தில் தேய்த்துப் புடைத்து ஊதிவிட வேண்டும், அது தொண்டையில் ஒட்டும். தீ அடங்கி எரிய வேண்டும், கருகினால் கரிதான் மிச்சம். ஈரம் இருந்தால் இரண்டு நாளில் சிக்கு வாடை அடித்துவிடும். இப்படி உங்களுக்கு ஆயிரம் சட்டம்.

எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் தேவிகாபுரத்து வழக்கம் ஒன்று. வறுத்தவள்தான் முதல் பிடியைத் தின்ன வேண்டும். தின்றுவிட்டு, உலை வைத்துச் சோறு வடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பது.

"இன்னா அண்ணி, ராஜாவுக்கு வெஷம் பாக்குற மாதிரி?" என்று சிரித்தேன். "ராஜா எக்கேடு கெட்டா இன்னா? கொழந்தைக்குப் பாக்கணுமில்ல" என்றீர்கள்.

மழை வந்த அன்று வீடே அமர்க்களப்பட்டது. அண்ணன் பின்கட்டுச் சாயப் பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிவிட்டு அப்போதுதான் கை கழுவியிருந்தார். மருமகளுக்காக அவரும் கிளம்பிவிட்டார். பட்டறையில் அகலமான தேக்ஸாப் பாத்திரம் ஒன்று தண்ணீரோடு இருந்தது. அதைத் தூக்கிவந்து வாசல் பல்புக்கு நேர்கீழே வைத்தார். வெளிச்சத்தில் சுற்றிய ஈசல் அதில் பொலபொலவென்று விழுந்தது. மறுநாள் காலை நீங்கள் அதை அரித்தெடுத்து, அலசி, காயவைத்து, புடைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வறுத்தீர்கள்.

முதல் பிடி உங்கள் வாயில் போனது. மென்றுகொண்டே புருவத்தைச் சுருக்கினீர்கள்.

"இன்னாடி இது, புளிக்குது?"

"ராவெல்லாம் தண்ணியில கெடந்துச்சு இல்ல. அதான் வறுத்தாச்சே, எது இருந்தாலும் பூடும்" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்" என்று இன்னும் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டீர்கள். அந்த நேரம் பார்த்துப் பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். "அத்தை, எனக்கு" என்று கையை நீட்டினாள். ஒரு மாதமாக எதையும் கேட்காத பிள்ளை வாய்விட்டுக் கேட்கிறது! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"குடுங்க அண்ணி! பசின்னு வந்து நிக்குது."

"இரு."

"புள்ள மனசு மாறிட்டா? உங்க ஊர் சட்டத்தை நாளைக்கு வெச்சுக்கோங்க!"

"சோறு வடியட்டும், இருடி!" நீங்கள் தட்டைத் தூக்கி மேலே பரண் விளிம்பில் வைத்தீர்கள். பிரியா கீழே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். உலையில் அரிசி அப்போதுதான் குதிக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் எட்டி அந்தத் தட்டை எடுக்கப் போனேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். உங்கள் கை சில்லென்று இருந்தது, நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

அந்த நொடியில்தான் அண்ணன் உள்ளே வந்தார். "பட்டறையில ரெண்டு தேக்ஸா வெச்சிருந்தேன். நல்ல தண்ணி இருந்தது அங்கியே கீது. நேத்து நான் எதைத் தூக்கினு வந்தேன்?"

அவரே மெதுவாகச் சொன்னார். "இன்னொண்ணுல சாயம் புடிக்கிறதுக்குத் திராவகம் கலந்து வெச்சிருந்தேன். பாக்க வெறும் தண்ணி மாதிரியேதான் இருக்கும்." சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "தின்னாளா? கொழந்தை தின்னாளா?"

"இல்ல. நாந்தான்" என்றீர்கள். சொல்லி முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டீர்கள்.

ஆட்டோவில் உங்கள் தலை என் மடியில் கிடந்தது. பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஆட்டோ நின்றபோது அண்ணன் இறங்கிப் போகிறவர் வருகிறவரை எல்லாம் கும்பிட்டு வழி விடச் சொன்னார். நீங்கள் என் முந்தானையை இழுத்து, "தட்டைக் குப்பையில கொட்டிட்டியா? புள்ள எடுத்துடப் போவுது" என்றீர்கள். கொட்டிவிட்டுத்தான் வந்தேன் என்று மூன்று தரம் சத்தியம் செய்தபிறகுதான் கண்ணை மூடினீர்கள். செத்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன் அண்ணி. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து, நீங்கள் தாங்கிவிட்டதாகச் சொன்னார். "டைபாய்டு வந்த கொழந்தைக் குடலுக்கு இது போயிருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள் சொன்னது எனக்கு மறக்காது. "நெருப்புல போட்டா எல்லாம் சுத்தம்னு நெனச்சோம் பாத்தியா? பூச்சியில கீற கிருமிய நெருப்பு கொல்லும். நாம கலந்ததை அது இன்னா பண்ணும், பாவம்?"

அண்ணன் அன்றைக்கே அந்தத் தேக்ஸாவின் விளிம்பில் ஆணியால் பெரிய பெருக்கல் குறி கீறினார். அதன்பிறகு ஈசல் என்ற சொல் வந்தாலே எழுந்து போய்விடுவார். நீங்களோ அடுத்த மழைக்கே வெள்ளை வேட்டியை விளக்குக்கடியில் விரித்துவிட்டீர்கள்! நல்ல தண்ணீரில் அலசி வறுத்து, மறுபடி முதல் பிடியை அள்ளினீர்கள். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"வேணாம் அண்ணி."

"அப்ப யாரு தின்னுவா? உனக்கு ஆவாது. உங்க அண்ணன் கிட்டயே வரமாட்டாரு. உடு கைய."

அன்று சோறு வடிந்தபிறகு பிரியா ஒரு பிடி தின்று இன்னொரு பிடி கேட்டாள். அவள் கன்னம் தேறியது ஈசலாலா, பசி திரும்பியதாலா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் போய்ச் சேருகிற வரைக்கும், ஒவ்வொரு மழைக்கும் முதல் பிடி உங்களுடையது என்பது மட்டும் மாறவே இல்லை.

நேற்று நானும் வெள்ளை வேட்டிதான் விரித்தேன். பிரியா வந்து, "எண்ணெயில பொரிம்மா" என்றாள், அப்புறம் "அரைச்சுக் கஞ்சியில கலந்துடேன்" என்றாள். "உங்க அத்தைய கேட்டுட்டு வா, போடி" என்றேன். இன்று காலை இறக்கை ஊதி, தீயை அடக்கி, கருகாமல் வறுத்து இறக்கினேன். உலையும் வைத்தாயிற்று. அதற்குமேல் எனக்குக் கை ஓடவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி கையை நீட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறாள். முதல் பிடிக்கு வீட்டில் ஆள் இல்லை. வீங்கினால் வீங்கட்டும் என்று நானே ஒரு சிட்டிகை எடுத்தேன்.

"உனக்கு ஆவாது. வெய்யி கீழ."

அண்ணன். பட்டறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார், விரலெல்லாம் அரக்குச் சாயம். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார், மோந்து பார்த்து மறுபடி கழுவினார். உள்ளே வந்து, "குடு இப்படி" என்று உள்ளங்கையை நீட்டினார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒரு பிடி ஈசலை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். மென்றுவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில், நீங்கள் உட்காருகிற இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"போதும் மாமா, குடு" என்று பிரியா கெஞ்சினாள்.

"இரு. சோறு வடியட்டும்" என்றார்.

அரிசி இப்போதுதான் கொதிக்கிறது அண்ணி. அவருக்கு எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோறு வடிகிறபோது வடியட்டும், தீயை நான் கூட்டவில்லை.