கொட்டாவியாரின் பல் செட்

அன்புள்ள என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குச் சண்டை போட்டுச் சௌக்கியமாக இருக்கிறோம். நீ அங்கே சௌக்கியமாக இல்லை என்று தெரியும், அதனால் வழக்கமாகக் கேட்பது போல நலமா என்று கேட்கப் போவதில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன், அதற்குப் பொய் சொல்லாதே. ஃபோனில் பேசினால் சிக்னல் இல்லை என்று பாதியில் வைத்துவிடுகிறாய், நான் இன்டர்வியூ என்று வாயெடுக்கும்போது மட்டும் உன் ஊரில் சிக்னல் போவது எனக்குத் தெரியாதா. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அண்ணன் இதைப் படம் பிடித்து அனுப்புவான். படிக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், ஆனாலும் படிக்காமல் இருக்க மாட்டான். டேய், இந்த வரியைப் படித்தாயானால் தொட்டியில் கிடக்கிற பாத்திரத்தைக் கழுவி வை.

அப்பா வழக்கம்போல லிஃப்ட் சரிசெய்யப் போகிறார், வருகிறார். என் பொண்ணு டாக்டர் ஆகப் போறா என்று போன வருஷம் வேலை செய்கிற இடமெல்லாம் சொல்லிவைத்ததில், அவருடன் வேலை செய்கிறவர்கள் முட்டி வலிக்கும் மூச்சிரைப்புக்கும் உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொல்கிறார்கள், அது வேற டாக்டர்பா என்று விளக்கிச் சொல்லத் தெரியாமல் மனிதர் முழிக்கிறார். இப்போது உன்னைப் பற்றி யாராவது கேட்டால் கயிற்றுக்கு எண்ணெய் போடப் போய்விடுகிறார். சித்தி நேற்றுக்கூட ஃபோன் பண்ணி, அவ இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்காளா, வயசு போய்க்கிட்டே இருக்கே என்று ஆரம்பித்தாள். பேசட்டும். அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, எங்கே போகப் போகிறாள், பல் கட்டுகிற என்னிடம்தான் வாயைத் திறந்துகொண்டு வந்து உட்கார வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில், அம்மா அந்தப் பாசி பாட்டிலைக் கொட்டிடு, இனிமே அது வேணாம், வியாழக்கிழமை இன்டர்வியூவுக்கும் வரலைன்னு மெயில் போட்டுடப் போறேன் என்று சொன்னாய். நீ சொன்னது எதற்கும் நான் கலங்கவில்லை, பாட்டிலைக் கொட்டச் சொன்னதற்குத்தான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னலோரம் அது நாறுகிறது என்று நான் சொன்னபோதெல்லாம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. என்னடி இது சாக்கடைத் தண்ணி என்று அப்பா கேட்டால், அழுக்கைத் தின்னுட்டு நல்ல தண்ணியைத் திருப்பிக் குடுக்குதுப்பா, நம்மில் யாருக்கு அந்தப் புத்தி இருக்கு என்பாய். அப்படிப்பட்டவள் கொட்டிடு என்கிறாய் என்றால், மற்றதெல்லாம் நிஜமாகவே விட்டுவிடப் போகிறாய் என்றுதானே அர்த்தம். இந்த ஒரு இடம்தான் மிச்சம் இருக்கிறது, இதையும் விட்டால் பிஎச்டி என்ற பேச்சையே எடுக்க மாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும்.

நீ பட்ட பாட்டை நான் பார்க்காமல் இல்லை. உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள் என்று கேட்டதற்கு, அந்த ஒரு பக்கத்தை எழுதி எழுதி அழித்து, கடைசியில் அம்மா நான் எப்படிப்பட்டவ, நீயே சொல்லு என்று என்னிடம் கேட்டாய். சிபாரிசுக் கடிதத்துக்காகப் பழைய ஆசிரியர்கள் வாசலில் போய் நின்றாய், ஒருவர் நீயே எழுதிட்டு வா கையெழுத்துப் போடறேன் என்றார், உன்னை நீயே புகழ்ந்து எழுத வராமல் அழுதாய். ஒரு இடத்தில் கேமராவுக்கு முன்னால் எதையோ மென்றுகொண்டே கேள்வி கேட்டார்களாம். இன்னொரு இடத்தில் இரண்டாம் வருஷம் ஒரு பாடத்தில் ஏன் மார்க் குறைந்தது என்று அதையே சுற்றிச் சுற்றிக் கேட்டார்களாம், அந்த வருஷம்தான் எனக்கு ஆபரேஷன், நீதான் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், அதைச் சொல்லியிருக்கலாம், நீ சொல்ல மாட்டாய். முடி கொட்டுகிறது, கழுத்தெல்லாம் தடிப்பு வருகிறது, கண்ணாடி முன்னால் நின்று வணக்கம் என் பெயர் இது என்று சொல்லிச் சொல்லி உன் பெயரே உனக்கு வேற்றாள் பெயர் மாதிரி ஆகிவிட்டது என்றாய். இதற்கெல்லாம் முதலில் வழி திறந்துவிட்டவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கொட்டாவியார் என்று நீ பெயர் வைத்தாயே, நம்ம ஊர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர், அவர்தான். போன வருஷம் அங்கே போய் நீ பாசியைப் பற்றி ஆசை ஆசையாகச் சொல்லும்போது உள்நாக்கு தெரியக் கொட்டாவி விட்டார் என்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னாய். ஒரு கேள்விக்கு நீ யோசித்ததற்கு, பதில் தெரியலைன்னா சொல்லிடும்மா, எல்லாருக்கும் நேரம் முக்கியம் என்றார். உன் கண் கலங்கியதைப் பார்த்து, பழகிக்கோம்மா, இந்தத் துறையில இதெல்லாம் சகஜம் என்றார். கடைசியில் சொல்லி அனுப்புறோம் என்றார்கள், இன்றுவரை ஒரு வார்த்தை வரவில்லை. கிடையாது என்று சொல்லக்கூட அவர்களுக்கு மனசு வரவில்லை. அன்றைக்கே நான் மனசுக்குள் கறுவிக்கொண்டேன், இந்த ஆள் என்றைக்காவது என் கையில் மாட்டாமலா போவான் என்று. மாட்டிவிட்டான், மன்னிக்கவும், மாட்டிவிட்டார்.

எங்கள் பல் ஆஸ்பத்திரிக்குப் போன மாதம் ஒரு பெரியவர் மேல்வரிசைக்கு முழு பல் செட் வேண்டும் என்று வந்தார். நான் பின்னறையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். சீட்டு எழுதுகிற பெண் கொண்டுவந்து வைத்த அட்டையில் பெயரும் வேலை செய்யும் இடமும் பார்த்தேன், கை நின்றுவிட்டது. இருந்தாலும் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாமே என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஊரே உள்ளே போகிற மாதிரி ஒரு கொட்டாவி விட்டார் பார், எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. உன் முன்னால் திறந்த அதே வாய், இப்போது என் முன்னால் பல் இல்லாமல் திறந்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

டாக்டரம்மா பக்கத்து நாற்காலியில் வேறு ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார், அச்சு எடுக்கிற பசையை நீயே வச்சுப் பிடிச்சுக்கோ என்று என்னிடம் விட்டுவிட்டார். அந்தப் பசை இறுகும்வரை வாயை மூடக் கூடாது, பேசக் கூடாது, மூக்கால் மூச்சு விட வேண்டும். நான் பசை வைத்த தட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க சார் என்றேன். முழித்தார். எதுக்காக இந்தப் பல் வேணும்னு நினைக்கிறீங்க என்றேன். எத்தனையோ பேர் பல்லுக்கு வர்றாங்க, அதுல உங்களுக்கு மட்டும் ஏன் குடுக்கணும், அஞ்சு வருஷம் கழிச்சு இந்தப் பல்லை வச்சு என்ன சாதிக்கலாம்னு இருக்கீங்க என்று கேட்டேன். ஆ, ஆ என்றார். பதில் தெரியலைன்னா பரவாயில்ல சார், எல்லாருக்கும் நேரம் முக்கியம் என்றேன். நான் விளையாட்டுக்குப் பேசுகிறேன் என்று நினைத்துக் கண்ணாலேயே சிரித்தார், எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

அதோடு விட்டிருப்பேன், சத்தியமாக. தட்டை எடுத்து அவர் வாய் கொப்பளித்த பிறகு, போன வருஷம் உங்ககிட்ட ஒரு பொண்ணு இன்டர்வியூவுக்கு வந்துச்சே சார், பாசியை வச்சுத் தண்ணியைச் சுத்தம் பண்றதைப் பத்திச் சொல்லுச்சே, ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். அவர் யோசித்தார், நிஜமாகவே யோசித்தார், பிறகு, இல்லைங்களே, வருஷா வருஷம் எத்தனையோ பிள்ளைங்க வருதுங்க, யாரைன்னு ஞாபகம் வச்சுக்கிறது என்றார். கண்ணு, அவர் உன்னைப் பிடிக்காமல் வேண்டாம் என்றிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். நீ முடி கொட்டிச் சோறு இறங்காமல் கிடக்கிறாய், அந்த மனிதருக்கு உன் முகம்கூட நினைவில் இல்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பல் செட்டில் முன்பல்லுக்குப் பின்னால், நாக்கு நுனி போய்த் தொடுகிற இடத்தில், தகடு மழமழவென்று இருக்க வேண்டும். அங்கே கொஞ்சம் ஆழமாகச் சுரண்டி ஒரு சின்னப் பள்ளம் விட்டால் காற்று அதன் வழியாகப் போகும். நான் விட்டேன். வலிக்காது, கடிக்கும், மெல்லும், பார்க்க லட்சணமாக இருக்கும். ஸ் வருகிற சொல்லைச் சொன்னால் மட்டும் விசில் அடிக்கும். டாக்டரம்மா போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் கச்சிதம், விசில் போகப் போகச் சரியாயிடும் என்றார். பாவம், அவருக்குத் தெரியாது, தெரிந்தால் என் சீட்டைக் கிழித்துவிடுவார். மறுவாரமே கொட்டாவியார் வந்து நின்றார். ஸ்டூடன்ட்ஸ் என்று ஆரம்பித்தாலே வகுப்பு முழுக்கச் சிரிக்கிறதாம். பழகிக்குங்க சார், புதுப் பல்லுன்னா இதெல்லாம் சகஜம் என்றேன். எப்போ சரி பண்ணித் தருவீங்க என்றார். சொல்லி அனுப்புறோம் என்றேன். இந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன், அப்பாவே ஆச்சரியப்பட்டார்.

இன்னொன்று கேள். இப்போது அவருடைய பல்கலைக்கழகத்தில் இன்டர்வியூ நடக்கிற சமயமாம். சீட்டு எழுதுகிற பெண்ணின் அக்கா மகள் போயிருக்கிறாள். திரும்பி வந்து, அந்தக் கமிட்டியில ஒரு வயசான சார் இருந்தாரு, எவ்வளவு நல்ல மனுஷன் தெரியுமா, குறுக்கே ஒரு வார்த்தை பேசல, நான் சொல்லச் சொல்ல வாயை இறுக்க மூடிக்கிட்டுத் தலையாட்டிக்கிட்டே கேட்டாரு, அதனாலதான் எல்லாத்தையும் சொல்ல முடிஞ்சுது என்றாளாம். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். இந்த விசிலை ஒரு வருஷம் முன்னால் வைத்திருந்தால் என் பெண்ணும் முழுசாகச் சொல்லிவிட்டு வந்திருப்பாளே என்று இருந்தது. கொட்டாவிகூட விடவில்லையாம், வாயைத் திறக்கவே பயம்.

முந்தாநாள் மறுபடியும் வந்தார். பல் கட்டினவர்களுக்குப் பேச்சு சரியாக வருகிறதா என்று பார்க்கச் சில சொற்களைச் சொல்ல வைப்பது எங்கள் வழக்கம், சோப்பு, பஸ், சைக்கிள் என்று ஏதாவது. நான் ஸாரின்னு சொல்லுங்க சார் என்றேன். ஸாரி என்றார், விசிலோடு. சரியா வரல, இன்னும் கொஞ்சம் சத்தமா என்றேன். ஸாரி, ஸாரி, ஸாரி என்றார். வேண்டுமட்டும் வாங்கிக்கொண்டேன், எல்லாம் உன் கணக்கில். அப்புறம் இதோட சேர்த்து இன்னொரு சொல்லும் சொல்லிப் பழகணும் சார் என்று உன் பெயரைச் சொன்னேன். உன் பெயரில்தான் அந்த ஸ் இருக்கிறதே. ஸாரி என்று சொல்லி உன் பெயரைச் சொன்னார், உன் பெயரைச் சொல்லி ஸாரி என்றார். இது யார் பேருங்க, நல்லா இருக்கே என்றார். எனக்கு வேண்டிய ஒரு பொண்ணு பேரு என்றேன். காலையிலும் சாயங்காலமும் கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழகச் சொல்லியிருக்கிறேன். மனிதர் தலையாட்டிவிட்டுப் போனார், அவர் எதையும் சிரத்தையாகச் செய்கிறவர்தான் போலிருக்கிறது.

பள்ளத்தை அடைக்க ஒரு துளி பசை போதும், அடைத்துக் கொடுத்துவிடுவேன், அதற்கு முன்னால் உன் ஃபோன் வர வேண்டும். சீட் கிடைத்ததா என்று நான் கேட்க மாட்டேன், போய் உட்கார்ந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம், உட்காருவது உன் இஷ்டம். உட்காராமல் இருந்தாயானால் அந்த மனிதர் ஆயுசுக்கும் விசில் அடித்துக்கொண்டு திரிவார், அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும், எனக்குப் பங்கு கிடையாது. என்றைக்காவது ஒருநாள் ஏதாவது ஒரு பத்திரிகையில், ஏதாவது ஒரு கூட்டத்தில், அவர் உன் பெயரைப் பார்க்க வேண்டும். பார்த்த உடனே அந்த வாய் பழக்கதோஷத்தில் தானாக ஸாரி என்று சொல்ல வேண்டும். ஏன் சொன்னோம் என்று தெரியாமல் அவர் முழிக்க வேண்டும். அதைப் பார்க்காமல் எனக்கு நெஞ்சு ஆறாது. அதற்கு உன் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

பாட்டிலை நான் கொட்டவில்லை. வெயில் படுகிற பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன், நீ சொன்ன மாதிரியே மூடியைத் தளர்த்திவிட்டிருக்கிறேன், பச்சை முன்னைவிட அடர்ந்திருக்கிறது. கழுத்துத் தடிப்புக்கு மருந்து தடவு, சொறியாதே. வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு உட்காராதே. மார்க்கைப் பற்றிக் கேட்டால் எங்கம்மாவுக்கு ஆபரேஷன், நான்தான் பார்த்துக்கிட்டேன் என்று தலை நிமிர்ந்து சொல், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இரு, உன் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் முழுசாக வரட்டும், நடுவில் யார் கொட்டாவி விட்டாலும் நிறுத்தாதே.

அன்று காலை நீ கண்ணாடி முன்னால் நின்று உன் பெயரைச் சொல்லிப் பார்க்கும்போது கூச்சப்படாதே, இங்கே இன்னொருவரும் கண்ணாடி முன்னால் நின்று அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆசிகளுடன்,
உன் ஃபோனுக்காகப் பசையைக் குழைக்காமல் வைத்திருக்கும்
அம்மா