நாமக்கல் மாடியறையும் ஒரு பூப்பொட்டலமும்

மாசி 4, செவ்வாய்

விடியலில் நல்ல பனி, பத்து மணிக்கெல்லாம் மண்டையைப் பிளக்கும் வெயில். அக்கா வீட்டிலிருந்து மாட்டு வண்டியில் புதுச்சத்திரம், அங்கிருந்து கரி பஸ் (யுத்தகாலம், பெட்ரோல் கிடையாது). ஏற்றத்தில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளு. அக்காவை மட்டும் உள்ளே உட்கார வைத்தோம். கண் தெரியாவிட்டால் என்ன, அதிகாரத்துக்குக் குறைவில்லை. ஆத்தூர் மில்லில் வேலை பார்க்கும் தம்பிக்குத்தான் உத்தரவு: "நல்லா மூச்சுப் புடிச்சுத் தள்ளு சாமி! ஆத்தூர்ல சோறு போடறாங்களா இல்லியா?" பஸ் முழுக்கச் சிரிப்பு.

நாமக்கல். ஓட்டல். கீழே காபி கிளப், மேலே நாலைந்து அறை. எங்களுக்கு மூலையறை. கயிற்றுக் கட்டில் ஒன்று, பாய் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் மலை. தூரத்து மலை இல்லை, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல ஒரே பாறை, உச்சியில் கோட்டைச் சுவர். எந்த ராஜா கட்டினது என்று ஓட்டல் ஐயரைக் கேட்டேன். "ஏதோ ஒரு ராஜா. வாடகை முன்பணம் குடுத்துடுங்கோ" என்றார்.

சுவரெல்லாம் முன்னால் தங்கினவர்களின் பென்சில் எழுத்து. ஒன்று: "மூட்டைப்பூச்சி ஜாக்கிரதை." அதன் கீழே வேறொரு கையெழுத்தில்: "உண்மை."

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய் (கிடைத்தால்). அக்காவுக்கு வெற்றிலை. மூட்டைப்பூச்சிக்கு ஏதாவது.

காபியில் வெல்லம். சர்க்கரைக்குக் கூப்பனாம். குடித்தேன் என்று சொல்ல முடியாது, விழுங்கினேன்.

மாசி 5, புதன்

ஆஸ்பத்திரி. சேலத்திலிருந்து வந்திருக்கும் கண் டாக்டர் இந்த மாதம் முழுக்க இங்கேதான். சின்ன வயசு, பொறுமைசாலி. அக்காவின் இமையைத் தூக்கி விளக்குப் பிடித்துப் பார்த்தார். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, எடுத்துவிட்டால் பார்வை வரும். விட்டுவைத்தால் அதுவும் போகும். திங்கட்கிழமை வையுங்கள் என்றேன் நான், அக்காவைக் கேட்காமலே.

அக்கா: "பூக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க, டாக்டரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை.

பூக் கேட்பதாவது: வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனிப் பொட்டலம். சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கிணறு வெட்டவும் கேட்பார்கள், பெண் கொடுக்கவும் கேட்பார்கள். இப்போது ஒரு கண்ணுக்கு. ஒரு ஆளுக்கு மிச்சம் இருக்கிற ஒரே கண்ணுக்கு!

அறைக்கு வந்ததும் சண்டை.

"சிவப்பு வந்தா?"

"வந்தா ஊட்டுக்குப் போலாம்."

"ஊட்டுக்கா, கிணத்துக்கா?"

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. போன மாதம் கிணற்று மேட்டில் கால் வழுக்கி, நீர் இறைக்கும் கவலைக் கயிறு கையில் அகப்பட்டதால் பிழைத்தவள். தண்ணீருக்கு மேல் தொங்கிக்கொண்டு கத்தியிருக்கிறாள். மச்சான் போனபிறகு தனி ஆள். என்னோடு ஆத்தூருக்கு வா என்றால், "உன்ற மில்லுச் சத்தத்துல எனக்குத் தூக்கம் வராது" என்கிறாள். அந்த நாலு ஏக்கரையும் ரெண்டு எருமையையும் விட்டு வர மாட்டாள். அடுத்த தடவை கயிறு கைக்கு அகப்படாது. அவ்வளவுதான் விஷயம்.

மாசி 6, வியாழன்

இரவெல்லாம் பூச்சி. மேற்படி சுவர் எழுத்துக்காரர் சத்தியவான்.

பக்கத்து அறையில் ஒரு பெரியவர். முன்சீப் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார். யாருடைய வரப்புத் தகராறோ. பல் விளக்கும்போதே ஒத்திகை. நடுவில் பலகைத் தடுப்புதான், எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. "நான் என்ற ரெண்டு கண்ணால பாத்தனுங்க. அப்ப நெலா வெளிச்சமுங்க." நடுநடுவே நிலா வெளிச்சத்தை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். எனக்குக் கோபம் ஒரு பக்கம். கூச்சமே இல்லாமல் எப்படித்தான் பொய்ச்சாட்சி சொல்கிறார்களோ.

அக்கா ஓட்டல் சோற்றை ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. கட்டி வந்த கம்மஞ்சோறும் மோரும். "இந்தச் சோத்துல உப்பு இருக்குது, ஒறப்பு இருக்குது, உசுரு இல்ல சாமி."

சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "மல அந்தப் பக்கமா இருக்குது?" என்று சரியாகக் கை காட்டினாள். எப்படித் தெரியும் என்றேன். பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைத் திருப்பித் தருகிறதாம், கன்னத்தில் அடிக்கிறதாம். நானும் கன்னத்தை நீட்டிப் பார்த்தேன். ஆமாம். அடுப்பு அணைத்த சமையலறை போல இருந்தது.

"நாஞ் சின்னதுல அப்பங்கூட இந்த மல மேல ஏறியிருக்கறன். மேல நின்னா கொல்லிமல தெரியும். நீ அப்பப் பொறக்கல."

பார்க்க ஆசை இருக்கிறது. வாய் விட்டுத்தான் சொல்ல மாட்டாள்.

மாசி 7, வெள்ளி

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

கடைத்தெரு தாண்டி ஒரு சின்ன மாரியம்மன் கோயில். அக்காவின் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ரெண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டிவிடலாம் என்று வழியெல்லாம் எண்ணம். நடக்கவில்லை. பூசாரி நந்தவனத்து அரளியை அவரே பறித்து, அவரே வாழைச்சருகில் மடித்து, நாரால் கட்டினார். காலடியில் வைத்துக் கண்ணை மூடிக் கலைத்தார். சூடம். அக்காவின் உதடு மட்டும் அசைந்தது.

பூசாரி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் கண்ணில் ஒற்றி என்னிடம் நீட்டினாள்.

"பிரிச்சுப் பாத்துச் சொல்லு சாமி. உன்ற வாயால சொல்லு."

பிரித்தேன். சிவப்பு.

"என்ன பூவு?"

"வெள்ளை."

யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. பூசாரி பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்கா நெற்றியில் திருநீறு பூசினார். என்னிடமும் தட்டை நீட்டினார். வாசகசாலையில் திருநீற்றைக் கிண்டல் செய்து ஒரு மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கியவன் நான். எடுத்துப் பூசிக்கொண்டேன்.

முடிந்தது என்று நினைத்தேன். "பொட்டலத்த மறுபடி கட்டிக் குடு" என்றாள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "கண்ணுத் தொறந்ததும் மொதல்ல இந்தப் பூவத்தான் பாப்பேன்னு அம்மங்கிட்டச் சொல்லியிருக்கறன்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. வந்த பூவை வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம், எனக்குத் தெரிந்த வழக்கம். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள்.

மாசி 8, சனி

வெயில் ஏறுகிறது. காலையில் கிளப்பில் பூசாரி. பெஞ்சில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். எழுந்து போகவா என்று இருந்தது. அவரே ஆரம்பித்தார்.

"அக்கா சொகமுங்களா?"

"சுகந்தான். நேத்து..."

"நான் என்னத்தக் கண்டனுங்க. எனக்கும் இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க." வடையைப் பிட்டார். கொஞ்சம் கழித்து, "ஆனா அம்மனுக்குத் தெரியுமுங்க. சித்த நெனப்பு வெச்சுக்கோங்க."

அம்மனுக்குத் தெரியும் என்றால் எனக்கென்ன? கல்லுக்கு என்ன தெரியும்? இதையே பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாசி 10, திங்கள்

ஆபரேஷன்.

காலையில் கடைத்தெருவில் வெள்ளை அரளி ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சமயம் வந்தால் மாற்றிவிடலாம். சமயம் தானாக வந்தது. புடவை மாற்றச் சொன்னார்கள். முந்தானை முடிச்சை அவிழ்க்க அக்கா விடவில்லை. நர்ஸ் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்களே வாங்கி வச்சுக்கிங்க" என்று என்னிடம் தள்ளினாள். அக்கா கொடுத்தாள். "பத்தரம் சாமி."

கதவைச் சாத்தினார்கள். வராந்தாவில் நான். ஒரு கையில் பொட்டலம், பையில் வெள்ளைப் பூ. யாரும் பார்க்கவில்லை. நாரை அவிழ்த்தால் வேலை முடிந்தது.

முடியவில்லை. உள்ளே கத்தி வைத்திருக்கும் நேரத்தில் இதைத் தொட்டால் ஏதாவது தப்பாகிவிடும் என்று ஒரு பயம். எனக்கு! பூனை குறுக்கே போனால் வேண்டுமென்றே அந்தத் தெருவில் நடந்தவனுக்கு. வெள்ளைப் பூவை எடுத்து வேப்பமரத்தடியில் போட்டுவிட்டேன். சிவப்பு வந்தும் நானாகப் படுக்க வைத்திருக்கிறேன். தப்பானால் யார்மேல் பழி? அம்மன் மேல் போட முடியாது, அவள் வேண்டாமென்றுதானே சொன்னாள்.

டாக்டர் வெளியே வந்து "நல்லபடியா முடிஞ்சது, பார்வை எப்படின்னு கட்டு அவிழ்த்தாத்தான் தெரியும்" என்றார். அக்காவுக்கு ரெண்டு கண்ணுக்கும் கட்டு. தலை அசையாதபடி ரெண்டு பக்கமும் மணல்மூட்டை. கை மட்டும் நீண்டது. பொட்டலத்தை வைத்தேன். விரல் மடங்கிக்கொண்டது.

மாசி 12, புதன்

ஆஸ்பத்திரியில் ராத்திரி ஆண்களைத் தங்க விடுவதில்லை. அறை பெரிதாகிவிட்டது. பாயைச் சுருட்டி மூலையில் வைத்தேன். அவள் இருந்தபோது குறட்டை என்று எரிந்து விழுந்தேன், இப்போது தூக்கமில்லை.

வேலை ஒன்றுமில்லாமல் மலை ஏறினேன். பாறையில் வெட்டின படி, வழுக்கல். உச்சியில் செங்கல் சுவர், உடைந்த இடத்தில் ஆடு. கொல்லிமலை நீலமாகத் தெரிந்தது. கீழே குளம், கோயில் வெளியில் வானத்துக்குக் கீழே நிற்கும் ஆஞ்சநேயர், ஓட்டல் ஓடு, பஸ் ஸ்டாண்டு, கம்மங்காட்டுத் தட்டைப் போர்கள். அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற இடம் எதுவாக இருக்கும் என்று தேடினேன். அழுகை வந்துவிட்டது. ஆடு மட்டும் பார்த்தது.

மேலே உட்கார்ந்து கணக்குப் போட்டேன், மில் கணக்கப்பிள்ளை புத்தி. பார்வை வந்தால்: பொட்டலத்தைப் பிரிப்பாள், நான் பொய்யன். அம்மன் பேரால் பொய் சொன்ன தம்பியை மன்னிப்பாளா தெரியாது. ஆயுசுக்கும் பேசாமல் இருக்கக் கூடியவள். சின்னம்மாவிடம் அப்படித்தான் இருந்தாள். பார்வை வராவிட்டால்: அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் யோக்கியன்.

ஆக நான் மாட்டிக்கொள்ள வேண்டும். அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

மாசி 15, சனி

மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும்.

சாட்சிக்காரர் கோர்ட்டிலிருந்து தொங்கின முகத்தோடு வந்தார். நிலா வெளிச்சம் நினைவுக்கு வந்ததாம். வக்கீல், அன்றைக்கு அமாவாசை என்று பஞ்சாங்கத்தைக் காட்டிவிட்டாராம். முன்பானால் சிரித்திருப்பேன். காபி வாங்கிக் கொடுத்தேன்.

"பொய்யி சொல்றதுல ஒண்ணுங் கஷ்டமில்லீங்க, தம்பி," என்றார். "பொறகு அது கூடவே குடியிருக்குது பாருங்க, அதுதான்." மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. அதுவும் நன்றாக இல்லை.

அக்காவுக்கு நானே கஞ்சி ஊட்டினேன். ஸ்பூன் கூடாது, கையால்தான் வேண்டுமாம். இடது கை மூடியே இருக்கிறது.

"வாடியிருக்குமா சாமி பூவு?"

"வாடாம இருக்குமா."

"வாடுனா என்ன. வெள்ள வெள்ளதான்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. பதறித் தலையை அசைத்துவிட்டால் கண் போய்விடும் என்று நர்ஸ் எச்சரித்திருக்கிறாள். நல்ல சாக்கு.

மாசி 17, திங்கள்

நாளைக்குக் கட்டு அவிழ்ப்பு. க்ஷவரம். வேட்டி சலவையிலிருந்து வரவில்லை. மில்லுக்குக் கார்டு போட்டேன், இன்னும் நாலு நாள் லீவு கேட்டு.

கோயில் பக்கம் போனேன். உள்ளே போகவில்லை. எதிர்ச்சாரியில் நின்றுவிட்டு வந்தேன்.

மாசி 18, செவ்வாய்

நல்ல வெயில். காற்று.

டாக்டர் ஜன்னல் கதவைப் பாதி சாத்தச் சொன்னார். கட்டைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். பஞ்சு. தண்ணீர். மெள்ளத் திற என்றார். திறந்தாள். சிவந்து, நீர் கோத்து, கண்ணா புண்ணா என்று தெரியாமல்.

விரல் காட்டினார். "எத்தனைம்மா?"

"தெரியலீங்க."

"சரியாப் பாருங்க."

"என்னமோ ஆடறாப்பல இருக்குதுங்க. வெரலெல்லாந் தெரியலீங்க."

"கண்ணாடி போட்டாத்தான் துலக்கமாத் தெரியும். அவசரப்படக் கூடாது" என்றார். அவளுக்குச் சொன்னாரா எனக்கா? அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சிவப்பு வந்தது வந்ததுதான் என்று உள்ளே ஒரு குரல். பூசாரி குரல் போலவும் இருந்தது, என் குரல் போலவும் இருந்தது.

அக்கா இடது கையை மடியில் வைத்து நாரை அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சருகு நொறுங்குகிற சத்தம். ஓரக்கண்ணில் தெரிந்தது: பூவைக் கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"தம்பி."

"என்னக்கா?"

"பொய்யி சொல்லிப்போட்டியே சாமி. இது செவப்பு."