உங்கள் கடைசித் துப்பாக்கி

என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத வாய். நீங்கள் போன பிறகும் இப்படித்தான் கூப்பிட வருகிறது.

நாயுடுபுரத்தில் காலையிலிருந்து பனிமூட்டம். நேற்று காட்டுமாடு ஒன்று நம் கேட்டை மறித்து நின்றுகொண்டது. பால்காரர் பாலை ஊற்றாமலே திரும்பிவிட்டார். பட்டறையை இன்றுதான் திறந்தேன். உங்கள் எண்ணெய்த் துணி, இரும்பைக் கவ்வும் வைஸ் மேலேயே கிடக்கிறது. எடுத்துப் போட மனம் வரவில்லை.

திறக்க வைத்தவள் நம் மகள். ஞாயிற்றுக்கிழமை மதுரையில் போட்டி. நீங்கள் அவளுக்காகக் கடைசியாகச் செய்த துப்பாக்கியில்தான் சுடுவாளாம். இதுவரை அதில் ஒரு தோட்டாகூட வெடித்ததில்லை. "ஒரு தடவ ஹெட்ஸ்பேஸ் பாத்து வச்சிரும்மா, ஒன் கை பட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று போனில் சொன்னாள்.

நம் இருவருக்கும் பழகின வேலைதானே. குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை மூடினால் உள்ளே தோட்டாவுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பது. தோட்டா வடிவ அளவுக்கட்டையான கோ கேஜைப் போட்டால் போல்ட் மூட வேண்டும். அதைவிட மயிரிழை நீளமான நோ-கோவைப் போட்டால் மூடக் கூடாது. உங்கள் முரட்டுக் கை எதையும் அமுக்கி மூடிவிடும் என்பதால் போல்ட்டை என் விரல்களிடம்தான் விடுவீர்கள். "இந்தா புள்ள, நீ சொல்லு. மூடுதா, மொறைக்குதா?" என்பீர்கள்.

இந்தத் துப்பாக்கிக்கு மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. கை நடுக்கம் வந்த அந்த மாதங்களில், கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே முடித்தீர்கள்.

இதற்கென்று நீங்கள் புதிதாகக் கடைந்து வைத்திருந்த கேஜ்களைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. ஆனாலும் ஏதோ உறுத்தியது. இதே தோட்டாவுக்கு முன்பு நீங்கள் செய்த பழைய துப்பாக்கியின் நோ-கோவைத் தேடி எடுத்துப் போட்டேன். போல்ட் ஒரு தடையும் இல்லாமல் மூடிக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். மூடிக்கொண்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

கடைத் தோட்டா என்றால் கம்பெனி அளவு என்று ஒன்று உண்டு. ஆனால் எதையாவது மாற்றிச் செய்யாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதே! கம்பெனிக் கூட்டின் தோளைத் தள்ளி, கழுத்தைச் சுருக்கி நீங்களே உண்டாக்கிய தோட்டா இது. நீங்கள் சொன்னதுதான் அளவு. தோட்டா உட்காரும் அறையை ஆழமாகக் கடைந்துவிட்டு, அதற்குத் தகுந்தாற்போல் கேஜையும் நீளமாகக் கடைந்து வைத்தால் யார் கேட்பது?

கை நடுங்கித் தெரியாமல் நடந்ததா? இல்லை, தெரிந்தும் எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டீர்களா? அவளிடம் இருக்கும் தோட்டாக்கள் எல்லாம் பழைய அளவு. சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்தால் நெருப்பு அவள் முகத்துக்கல்லவா வரும்? இதற்குப் பதில் தெரியாமல் உங்கள் படத்துக்கு நான் எப்படிப் பூப் போடுவேன்?

அவளிடம் சொன்னேன். நம்பவில்லை.

"பழசு தேஞ்சு போயிருக்கும்மா. அப்பா செஞ்சதக் குத்தம் சொல்லாத. சனிக்கெழம வெள்ளனே வந்து எடுத்துக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

தேயவில்லை. பழைய துப்பாக்கியில் அந்த நோ-கோ இன்றும் மூட விடாமல்தான் நிற்கிறது. அதையும் போட்டுப் பார்த்துவிட்டேன். அவளுக்கென்று நீங்கள் விட்டுப்போனது இந்தத் துப்பாக்கி ஒன்றுதான். அதையும் நான் பிடுங்க வேண்டுமா? இந்தப் பாவத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்களே.

சத்தியமாகச் சொல்கிறேன். அவள் வருவதற்குள் போல்ட்டைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிடுவேன். சாவியைத் தர மாட்டேன். அப்பா தப்பாகச் செய்துவிட்டார் என்று அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். என்னை வெறுப்பாள். இரண்டு கண்ணும் நன்றாக இருந்து வெறுக்கட்டும்.

உங்கள் பிள்ளையைப் பெற்றவள்