ஏரி தெரிந்த சமையலறை

பக்கத்து மனையில் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள். நனைந்த செங்கல் வாசம் ஜன்னல் வழியே வந்ததும் உன் ஞாபகம்தான். நீ போய் இரண்டு வருடமாகப் போகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன், உன்னைச் சந்தேகப்பட்டதை முழுதாக ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

குரோம்பேட்டைப் பள்ளியில் நீ பூகோளம், நான் கணக்கு. இருபது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அந்தக் கோடை விடுமுறையில் மற்ற டீச்சர்கள் கொடைக்கானல், மூணாறு என்று கிளம்ப, நீ மட்டும், "நம்ம ஏரியாவையே டூர் அடிக்கலாம், வர்றியா?" என்றாய். பெரிய பெயர் வாங்கிய ஒரு கட்டடக் கலைஞர் தன் இளம் வயதில் தாம்பரத்தைச் சுற்றி ஏழெட்டு வீடுகள் கட்டியிருந்தார். பத்திரிகையில் அவரைப் பற்றி வந்த கட்டுரையை நீ கத்தரித்து வைத்திருந்தாய். சொந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கவே மூன்று வருடம் யோசித்தவளுக்கு அடுத்தவர் வீட்டில் என்ன அக்கறை என்று எனக்கு அப்போதே இடித்தது.

முதல் வீடு அஸ்தினாபுரத்தில். வீட்டுக்கார அம்மாள் ஆசையாக உள்ளே கூப்பிட்டார். பூசாத செங்கல் சுவர், சுவரில் விட்ட ஓட்டைகள் வழியே தரையில் விழும் வெயில், வளைந்து ஏறும் படி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நீ எதையும் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னலோரம் நின்றாய்.

"முன்னாடி இங்கேருந்து ஏரி தெரியுமா?"

அந்த அம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஏரி ஆக்கிரமிப்பு என்று வீடுகளை இடிக்கும் நம் பக்கத்தில், ஒரு வீட்டுக்குள் நின்று கேட்கக்கூடிய கேள்வியா அது?

"எதுக்குக் கேக்கறீங்க? இது பட்டா இடம். டாக்குமெண்ட் எல்லாம் பக்காவா இருக்கு."

"என் பையன் ஆர்க்கிடெக்சர் படிக்கிறான். அவன் ப்ராஜெக்டுக்காக" என்றாய், கண் சிமிட்டாமல். கல்யாணமே செய்துகொள்ளாத உனக்குப் பையன்!

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போன வீட்டில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே இல்லை. "இன்னாமா, ஏரி கீதா, கொளம் கீதான்னு கேட்டுகினு. சர்வே ஆபீஸா நீங்க?" என்றான். அவனிடம், வீடு கட்டப் போகிறோம், மாதிரி பார்க்க வந்தோம் என்றாய். இருபது வருடத்தில் ஒரு லீவ் லெட்டரில்கூடப் பொய் எழுதாதவள் நீ. ரயிலில் திரும்பும்போது உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். யாரோ இவளை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்று தோன்றியது. தோன்றியது என்ன, நம்பவே ஆரம்பித்துவிட்டேன்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். நீ கை கழுவப் போனதும் உன் பையைத் திறந்தேன். ஒரு சின்ன நோட்டு. வீடு, கட்டிய வருடம், வீட்டுக்காரர் பெயர், வயது. கடைசியில் 'ஏரி: இல்லை', 'ஏரி: தெரியவில்லை'. நிமிர்ந்தால், ஈரக் கையோடு நீ நிற்கிறாய்.

"யாருக்காக இதெல்லாம் எழுதற? புரோக்கர் வேலை பாக்கறியா?" என்றேன். தப்பு செய்தவள் நான். குரல் உயர்ந்ததும் எனக்குத்தான்.

நீ உட்கார்ந்து நோட்டை வாங்கி மூடினாய். உன் அம்மா காய்ச்சலில் செத்தார் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் சொன்னது பொய் என்றாய். அவர் சித்தாள். அந்தக் கலைஞர் கட்டிய வீடு ஒன்றில் செங்கல் சுமந்துகொண்டு சாரத்தில் ஏறும்போது விழுந்தார். உனக்கு அப்போது நாலு வயது. எந்த வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. உன்னை வளர்த்த சித்தி சாகும்வரை ஒன்றுதான் சொன்னாளாம்: "சமையல்கட்டு ஜன்னல்ல ஏரி தெரியுமே, அந்த வூடு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டி. பையைத் திறந்திருக்க வேணாம்" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் பையை மடியிலேயே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாய்.

மறுநாள் ராஜகீழ்ப்பாக்கம். அந்தச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு அடுக்குமாடியின் பின்சுவரும் குழாய்களும்தான். "அந்த பில்டிங் வர்றதுக்கு முன்னாடி ஏரி நல்லா தெரியும்" என்றார் வீட்டுக்கார அம்மாள். நீ அவருடைய கணவரிடம் திரும்பினாய்.

"சார், வீடு கட்டும்போது யாராவது விழுந்தாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் நடக்கல. யார் சொன்னா? முதல்ல கிளம்புங்க."

கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது பதில். அந்த அம்மாள் நம்மை விட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் நீ சமையலறையின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தாய். "இருக்கலாம்" என்றாய். மீதி வீடுகளுக்கு நாம் போகவில்லை.

போன மாதம் நான் மட்டும் அந்த ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் காலமாகிவிட்டிருந்தார். அந்த அம்மாள் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாக என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று கேள்வி கேட்ட நீ இப்போது உயிரோடு இல்லை என்று சொன்னேன். சங்கிலி கழன்றது.

"ஒரு பொம்பளை விழுந்தாங்க. அவர் வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டார். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம்தான் இருந்துது. அவங்க கொழந்தை ஒண்ணு தினம் மணல்ல வெளையாடிட்டிருக்கும். நான்கூட பிஸ்கட் கொடுத்திருக்கேன். யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பொம்பளை பேரக்கூட நாங்க கேட்டு வெச்சுக்கல."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாரோ என்று அப்போதும் ஒரு சந்தேகம் எழுந்தது. என் புத்தி அப்படி. ஆனால் பிஸ்கட்டை யாரும் கற்பனை செய்து சொல்லமாட்டார்கள்.

"அந்தக் கொழந்தைதாம்மா அன்னைக்கு உங்க கிச்சன்ல வந்து நின்னுது" என்றேன். "அவங்க அம்மா பேரு கன்னியம்மா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். அதைக் கேட்க வேண்டியவள் நீ. உன் இடத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.