புது வீலும் பழைய பிரேக்கும்

2025 மார்ச் 2, ஞாயிறு
நான் சொன்னது சொன்னபடியே நடந்துருச்சு. அக்கா மகள் சுதர்ஷினி மாகாண சைக்கிள் போட்டிக்கு எடுபடுவான்னு தைப்பொங்கலன்னிக்கே சொன்னேன். ஹட்டன் பூராவுக்கும் தெரியும். முதல் மூணு பேர்ல வந்தா கொழும்புக் கிளப் ஒண்ணுல சேத்துக்குவாங்களாம். பிறகு அக்கா நாகலெட்சுமி மாதிரி அவளும் தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்க வேணாம். போட்டி 23ஆம் திகதி.

மார்ச் 4, செவ்வாய்
விளையாட்டு வாத்தியார் துரைராசா சேர் கொழும்பிலிருந்து புது வீல் ரெண்டும், பத்துப் பல்சக்கரம் வச்ச கியரும் கொண்டாந்தார். சைக்கிளோ எந்தத் தோட்டத்துத் துரையோ விட்டுட்டுப் போன பழைய இரும்பு ரேஸ் சைக்கிள். பின்னால ஆறு பல்சக்கரம்தான்.
"இது பொருந்துமோ அண்ணை?" யாழ்ப்பாணத்து ஆள், எதையும் சந்தேகமாத்தான் கேப்பார்.
"சேர், இந்த மாதிரி நாப்பது சைக்கிள் பண்ணினவன் நான்."

மார்ச் 6, வியாழன்
பின் வீலைப் புடிக்கிற கவை புது வீலுக்கு நாலு மில்லி அகலம் பத்தல. நடுவுல நீட்டு போல்ட்டை வச்சு, நட்டைக் கொஞ்சங்கொஞ்சமாத் திருகி விரிச்சேன். இரும்பு முனகுச்சு, உடையல. நூல் கட்டி அளந்தா ரெண்டு பக்கமும் ஒரே அளவு. வெள்ளைக்காரன் பாத்தா கையெடுத்துக் கும்பிடுவான்.
ஒண்ணுதான் இடிக்குது. புது வீல் பழசை விடக் கொஞ்சம் சின்னது. பிரேக் கட்டை ரிம்முல உக்காராம டயர் ஓரத்தைத் தொடுது. பிரேக் கைத் துளையை அரத்தால ராவிக் கட்டையைக் கீழ இறக்கினேன். முக்கால்வாசி உக்காந்துருச்சு. மிச்சம் ஓட ஓடத் தேஞ்சு சரியாகும்.

மார்ச் 8, சனி
இறக்கத்துல கினிகத்தேனை வரைக்கும் ஓட்டிப் பாத்தாச்சு. காத்துதான்!

மார்ச் 9, ஞாயிறு
சேர் குந்தி உக்காந்து பிரேக்கைப் பாத்தார். "இறக்கத்தில நீங்கள் ஓடிப் பாத்தனீங்களோ?"
"ரெண்டு தடவை சேர். வட்டவளை வளைவுல பஸ்ஸையே முந்தினேன்."
"இவன் ஏறுனா ரோடே நிமிந்துருமே," அக்கா சிரிச்சா.
சுதர்ஷினி மட்டும் சிரிக்கல. "மாமா ஓட்டிட்டாருன்னா போதும் சேர்."

மார்ச் 15, சனி
சுதர்ஷினி விழுந்துட்டா.

மார்ச் 16, ஞாயிறு
நேத்து அதுக்கு மேல எழுத முடியல. பயிற்சிக்கு எறங்கும்போது வட்டவளைக்கிட்ட முன் டயர் வெடிச்சு, மதகுல போய் அடிச்சிருக்கா. இடது தோள் எலும்பு முறிவு. ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாது. போட்டி போச்சு.
மழை ரோடுன்னு சொன்னேன். கண்ணாடித் துண்டு கெடந்திருக்கும்னு சொன்னேன். அக்கா ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாத் தேவல.
சைக்கிள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில சாத்திக் கெடக்கு. டயரைப் பாத்தேன். பிரேக் கட்டை உரசின இடம் கத்தியால சீவின மாதிரி இருக்கு. ஏன்தான் பாத்தேனோ?

மார்ச் 20, வியாழன்
"என் தப்புதான் மாமா," ங்கிறா. "பயத்துல பிரேக்கை அமுக்கிக்கிட்டே எறங்கிட்டேன். நீங்க ரெண்டு தடவை போன சைக்கிள்தானே. எனக்கு இறக்கம் சரிவராது."
கை சரியானதும் தோட்டத்துல வேலைக்குப் பேர் பதியப் போறாளாம். பத்தொன்பது வயசு.
"யோசிச்சுச் செய் புள்ள"ன்னேன். டயர்ல பாத்ததைச் சொல்லல.

மார்ச் 23, ஞாயிறு
போட்டி நாள். பிரேக் கட்டைதான் டயரை அறுத்துச்சுன்னு சேரும் அக்காவும் இருக்கும்போதே சொல்லிட்டேன். டயரையும் எடுத்துக் காட்டினேன். அக்கா எழுந்து உள்ள போயிட்டா.
சுதர்ஷினி நல்ல கையில டயரை வாங்கி, அறுந்த இடத்தை விரலால தடவிக்கிட்டே இருந்தா.
"அப்ப நான் பிரேக்கைச் சரியாத்தான் புடிச்சேனா?"
"சரியாத்தான் புடிச்ச புள்ள."
டயரைக் கீழ வச்சுட்டு, "இனிமே என் சைக்கிளைத் தொடாதீங்க மாமா"ன்னா. பிறகு சேர் பக்கம் திரும்பி, இந்த ரிம்முக்கு எட்டுற பிரேக் கொழும்புல கெடைக்குமான்னு கேட்டா.
இந்தப் புத்தகத்துலயும் பொய்தான் எழுதியிருக்கேன். எட்டாந்திகதி நான் கினிகத்தேனைக்குப் போகல. இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துலயே எறங்கி, தள்ளிக்கிட்டுத் திரும்பி வந்தேன். பிரேக் புடிக்குமான்னு எனக்குப் பயமா இருந்துச்சு.